பாசறையும் மனையும்

தமிழர் வாழ்வியலை வகுத்தோதிய ஆசிரியர் தொல்காப்பியனார், கற்பியலிலே, பாசறைக்கண் இருப்போர் ஆண்டு மகளிரொடு கூடியுறைதல் இல்லையென ஒரு நூற்பா யாத்தார். யாத்தவர் அத்துடன் அமைந்தாரல்லர். புறத்தோர் எனப்படுவார்க்கு அஃது ஒக்கும் என அடுத்தே மற்றொன்றும் யாத்துவைத்தார். முன்னதனை நெட்டுருப் பண்ணிய மாணாக்கர் பின்னதனை விரைந்து கடந்துபோதல் வழக்கம். உண்மையில் இரண்டனுள்ளும் உலகியல் நுணுக்கம் செறிந்தது பின்னதே. படைவாழ்க்கை என்னும் ஒரு பெயரின்கீழ் வருவன எல்லாம் ஒருபடித்தல்ல. ஒருவர்க்கு ஒவ்வாதது பிறரொருவர்க்கு ஒக்கும். இடமும் வினையும் இன்னவென அறிந்த பின்னரே மனையாளை உடன்கொண்டு போதலும் விட்டுப் போதலும் துணியப்படும் என்னுங் குறிப்பு அதன்கண் உளது.

திண்டுக்கல்லிலே, மலைக்கோட்டைப் பாறை மாலைவெயிலை மறைக்குந் தெருவொன்றில் வாழும் ஒரு குடும்பத்தார்க்கு இப்பொருளை நேரே ஆராயும் நிலை அண்மையில் நேர்ந்தது. குடும்பத் தலைவர் மதராஸ் ரெஜிமெண்டில் அவில்தார். படையிற் சேர்ந்து பதினாறாண்டு நிரம்பியவர். மனைவியார் பூட்டுத் தொழிலாளர் ஒருவரின் மகளார். மூத்தது பெண், ஒன்பதாம் வகுப்பிற் பயில்வது. இளையவன் நான்கு வயதுச் சிறுவன். மார்கழி பிறந்தால் இளைப்புக் காணும் உடம்பினன். அவில்தாரின் தாயார் எழுபதை அணுகியவர். இந்நிலையிற் பட்டாளம் இலடாக்குக்கு மாறுமாறு ஆணை பிறந்தது. “லே நகரில் வாடகைக்கு வீடு கிடைக்கும் என்கிறார்கள். மேலதிகாரிகள் இசைந்தால் நீங்கள் எல்லாரும் வந்துவிடலாம். வேண்டாமென்றாலுங் குறையில்லை. நீயே எண்ணிச் சொல்” என்று அவர் தொலைபேசியிற் கூறினார். ‘நீயே எண்ணிச் சொல்’ என்பது பெருந்தன்மையான மொழியே. ஆயினும், தன் தலைச்சுமையைப் பிறர் தலையிற் சாற்றிவிடுதற்கும் அதனின் எளிய வழி வேறில்லை.

கேள்வி ஊரிற் பரந்தது. அம்மையாரின் தமையனார் முதலில் வந்து, கணவன் இருக்குமிடமே மனைவிக்கு வீடு, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று முடிவுகூறிப் போயினார். தந்தையார் கருத்து வேறு. அவர் ஐம்பதாண்டு மாங்காய்ப் பூட்டுச் செய்து காய்த்த கையினர். 2019-இல் திண்டுக்கற் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தமக்கே பட்டம் சூட்டியதுபோல் மகிழ்ந்தவர். “பூட்டு நல்லதாக இருக்கலாம் அம்மா. மூன்றாண்டு திறவாத வீட்டை எந்தப் பூட்டும் காக்காது; கறையான் சாவி கேட்பதில்லை” என்றார். மாமியார் மருமகளைத் தம்பால் நிறுத்திக்கொள்ளவே விழைவர் என எல்லாரும் எண்ணியிருந்தனர். அவரோ, “நீ போய் வா. எனக்கு என் மகள் வீடு நத்தத்தில் இருக்கிறது. என்னைக் காரணம் காட்டி நீ நின்றால் அந்தப் பழி எனக்கு வேண்டாம்” என்றார். இது தியாகமோ ஊடலோ என்பது அம்மையார்க்கு இன்றளவும் விளங்கியதாகத் தெரியவில்லை.

குளிரைப்பற்றிய பேச்சே மிகுதியாக நடந்தது. திண்டுக்கற் சமவெளி, கடல்மட்டத்தினின்றும் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தது. பங்குனி சித்திரையில் பாறையே பழுத்துக் காயும் ஊர். இவ்வூரார்க்குக் குளிர் என்றால் கொடைக்கானல். அதற்கப்பாற் குளிரென ஒன்று உண்டென எண்ணுதற்கும் அவர்க்கு இயலாது. அக்கொடைக்கானல் தானும் ஒரு குடிபெயர்ச்சியாற் பிறந்த ஊர். மதுரை நாட்டில் வந்து தங்கிய அமெரிக்கப் பாதிரிமார், சமவெளியின் வெப்பும் நோயும் தம் மனைவி மக்களை வாட்டக் கண்டு, 1845-இல் பழனிமலைமேல் ஏறி முதல் வீடுகளை அமைத்தனர். குளிர் அவர்க்குப் பகையன்று, மருந்து. ஆயின் அவர் ஏறியது ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர். ஆண்டுக் காற்றழுத்தம் கடல்மட்டத்துள்ளதன் மூன்றில் இருபங்களவே. தை மாதத்து இரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 20 பாகை செண்டிகிரேடு வரை இறங்குவதுண்டு. குழாய்நீர் குழாய்க்குள்ளேயே உறையும். சிரீநகரினின்றும் வரும் சாலை சோசிலாக் கணவாயிற் பனி மூடினால் அடைபடும். அப்போது வானூர்தியன்றிப் போக்குவரவில்லை, வானம் மூடினால் அதுவும் இல்லை.

அவில்தார் எதனையும் மறைத்தாரல்லர். சமையல் முதலாக எல்லாவற்றையும் விரித்துரைத்தார். ஆண்டு நீர் 88 பாகையளவிற் கொதித்துவிடுமாதலின் திறந்த பானையில் அரிசி எளிதில் வேகாது; பிரஷர் குக்கர் இன்றியமையாதது. இட்டலி மாவு இராமுழுதும் வைத்தாலும் பொங்காது. அடுப்பருகே போர்வையிற் சுற்றிக் குழந்தைபோற் காத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் கல்லாகும். அறையைச் சூடேற்றப் புகாரி என்னும் இரும்படுப்பு உண்டு. அதன் புகைவழி அடைபட்டுக் கதவும் சாத்தியிருப்பின் உறங்குவார் உறங்கியபடியே உயிர்விடுதலும் நேரும். புதிதாக வானூர்தியில் வந்திறங்குவார் முதற் சில நாள் படுத்தே இருத்தல் வேண்டும். படைவீரர்க்கோ இது விதியாகவே உளது: 9,000 முதல் 12,000 அடி வரையுள்ள உயரத்தில் ஆறு நாள், அதற்குமேல் 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கும் மேலாயின் பின்னும் நான்கு நாள் பழகிய பின்னரே பணி. பழகாது ஏறினார்க்கு நுரையீரலில் நீர் கோத்தலும் மூளை வீங்குதலும் உண்டாகும். உடனே கீழிறக்குதலே தலையாய மருத்துவம். குளிர்ந்து வறண்ட காற்று இளைப்புடையார்க்கு மூச்சிறுக்கத்தைத் தூண்டுவதாகலின் சிறுவனைப்பற்றி ஊர் மருத்துவர் தலையசைத்தார். முடியாது என்றாரல்லர்; ‘அருகில் நல்ல மருத்துவமனை இருக்கிறதா, இரவில் அங்கே போக வண்டி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டார். நல்ல மருத்துவர் கேள்வி அதுவே.

பெண்ணின் படிப்பும் ஆராயப்பட்டது. லே நகரிற் கேந்திரிய வித்தியாலயம் உண்டு. தமிழ்வழி பயின்ற சிறுமி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஓராண்டு எஞ்சியிருக்க, இந்தியும் ஆங்கிலமுமாகிய பாடங்களுக்கு மாறுதல் எளிதன்று. தமிழ் போய்விடுமே என்று தமிழாசிரியர் ஒருவர் கவன்றார். அக்கவலை நல்லதே; ஆயினும் தந்தையைப் பிரிந்த மகளுக்கு முன் அதனை வைத்து வாதிடுதல் தகுதியன்று. வீட்டில் தாய் பேசும் மொழியை மூன்றாண்டுக் குளிர் கொண்டுபோய்விடாது.

இவ்வளவிலும் அம்மையார் மனம் போகவே சாய்ந்திருந்தது. குளிர் பெரிதென்று சொல்வார் சொல்லச் சொல்ல, அக்குளிரில் அவர் தனியே இருப்பாரே என்னும் எண்ணமே அவர்க்கு மிக்கது. அதற்கு வலிவூட்டினார் அத்தெருவின் முதியவர் ஒருவர். சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். “நம் பழைய சிப்பாய்கள் பெண்டுபிள்ளைகளோடுதான் பட்டாளத்தில் இருந்தார்கள். பட்டாளம் நடந்தால் குடும்பமும் பின்னே நடக்கும். பிரிந்திருப்பது வடக்கத்தியார் வழக்கம்” என்றார்.

முதியவர் கூறியது மெய்யே. கும்பினியார் காலத்து வங்காளப் படைச் சிப்பாய்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுப் போந்தனர். சென்னைப் படைச் சிப்பாய்களோ மனைவி மக்களையும் முதியோரையும் உடன்கொண்டு பட்டாளத்தோடு ஊரூராகக் குடிபெயர்ந்தனர். படை செல்லும் வழியெல்லாம் வண்டியும் மூட்டையும் குழந்தையழுகையுமாக ஓர் ஊரே பின்தொடரும். இஃது அதிகாரிகளுக்குத் தலைவலி. ஆயினும் சிப்பாயைப் படையோடு பிணித்த கயிறும் அதுவே. எனினும் முதியவர் ஒன்றை விடுத்தார். திருச்சிராப்பள்ளி, பல்லாரி, சிகந்தராபாத்து என நிலையான பாளையங்களுக்கு மாறும்போதே குடும்பம் உடன் போயிற்று. 1824-இற் பருமாப் போர்க்கெனக் கப்பலேறிய சென்னைச் சிப்பாய்கள் குடும்பத்தைக் கரையில் விட்டே ஏறினர். கடல்கடந்து போவார் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலிருக்கும் வீட்டார் மாதந்தோறும் பெற்றுக்கொள்ளும்படி எழுதிவைக்கும் குடும்பச் சீட்டு வழக்கமும் அப்படையில் இருந்தது. எனவே உடன்போதலும் பிரிந்திருத்தலும் ஆகிய இரண்டும் நம் பழைய சிப்பாய்கள் வழக்கே. எங்கே போகிறார் என்பதே வேறுபாடு.

திண்டுக்கற் சீமை இதற்கு வேறொரு சான்றும் உடையது. 1772-இற் காளையார்கோயிற் போரில் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், வேலுநாச்சியார் தம் இளமகள் வெள்ளச்சியை உடன்கொண்டு இச்சீமையின் விருப்பாட்சிக்கு வந்து கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புக்கார்; ஏறத்தாழ எட்டாண்டு இப்பக்கத்திலே தங்கி, ஐதரலியின் துணைபெற்று, 1780-இற் சிவகங்கையை மீட்டார். அடைக்கலம் புகுவார்க்கும் படைகூட்டுவார்க்கும் விருப்பாட்சி தக்க இடம். போர்முனைக்கு விலகியது, ஆயின் எட்டாத தொலைவன்று. (மலைக்கோட்டையின்மேலுள்ள கோயிலில் இன்று திருவுருவம் இல்லை, அபிராமியம்மை கீழே ஊர்நடுவிற் கோயில்கொண்டாள் என்பர் ஊரார். பீரங்கியும் அம்மையும் ஒரு குன்றின்மேல் நெடுநாள் ஒருங்கிருத்தல் இயலாதுபோலும்.)

வழக்கைத் தீர்த்தது சிறுமியின் கேள்வியே. ஒருநாள் தொலைபேசியிற் பேசுங்கால், “அப்பா, நாங்கள் லேக்கு வந்தால் நீங்கள் தினமும் வீட்டுக்கு வருவீர்களா?” என்று கேட்டாள். அவில்தார் சிறிதுபொழுது வாளாவிருந்தார். பின் உள்ளது உள்ளபடி கூறினார். தாம் இருக்கப்போவது லே நகரம் அன்று. அதற்கும் அப்பால், குடும்பத்தை எவரும் கொண்டுபோதற்கியலாத உயரம். காவலிடங்களில் திங்கட்கணக்கில் தங்கல், இறங்கினாற் பயிற்சி, விடுப்பிற் போய்த் திரும்பினால் மீண்டும் உயரத்துக்குப் பழகும் நாட்கள். லேயில் வந்து தங்கும் பொழுதையெல்லாம் கூட்டினாலும் ஆண்டிற்கு இரண்டு மூன்று திங்கள் தேறினால் மிகுதி.

அன்று இரவு அம்மையார் ஒரு கணக்கிட்டார். படைவீரர்க்கு ஆண்டிற்கு 60 நாள் ஆண்டு விடுப்பும், 30 நாள் தற்செயல் விடுப்பும் உரியன. இரண்டும் முழுதுங் கிடைத்தால் 90 நாள். ஆண்டில் நான்கிலொரு பங்கு. ஊரிலிருந்தால் அந்நாளெல்லாம் அவர் வீட்டில் இருப்பார். லேக்குப் போனாலும் பெறுவது ஏறக்குறைய அதுவே. அதற்காகத் திண்டுக்கற் சந்திப்பிலே திருக்குறள் விரைவுவண்டி ஏறி, இரண்டு இரவு கழித்துத் தில்லி சேர்ந்து, ஆண்டிருந்து வானூர்தியிற் பறந்து, இளைப்புடைய குழந்தையோடு பனிமூடிய வீட்டில், மொழி தெரியாத அண்டையாரிடையே, மீண்டும் அவர் வரவையே எதிர்பார்த்திருப்பது! கணவனோடு இருப்பதா, பிரிந்திருப்பதா என்றே அத்துணை நாளும் எல்லாரும் வழக்கிட்டனர். உண்மையில் வழக்கு அதுவன்று. பிரிவு முன்னரே துணியப்பட்டுவிட்டது. எங்கிருந்து காத்திருப்பது என்பதே அம்மையார் துணிதற்கு எஞ்சியது.

நக்கீரனார் நெடுநல்வாடையை அறிந்தார்க்கு இது புதிதன்று. கூதிர்வாடையில் நகரமே நடுங்க, மாந்தர் கணப்புச் சட்டியை நாட, அரண்மனையின் உயர்ந்த கட்டிலிற் கிடக்கும் அரசி துயிலின்றி வருந்துகின்றாள். அரசனோ நள்ளிரவினும் பள்ளிகொள்ளானாய்ப் பாசறையில் புண்பட்ட மறவரைக் கண்டு திரிகின்றான். வாடை இருவர்க்கும் ஒன்றே. அரசியைப் பாசறைக்கு அனுப்பினாலும் அவன் அவள்பால் இரான்; விழுப்புண் பட்டாரிடத்தே இருப்பான். புலவர் அதனை அறிவார்.

அம்மையார் கணக்கில் வாய்விட்டுச் சொல்லாத எண்ணொன்றும் இருந்திருக்கும். 1984 ஏப்பிரலிற் சியாச்சென் பனிப்பாறையில் இந்தியப்படை ஏறிய நாள்முதல் ஆண்டுப் பகைவர் குண்டினும் பனியும் உயரமும் கொண்ட உயிரே மிகுதி. 2016 பிப்ரவரி 3-இல், 19,600 அடி உயரத்துச் சோனம் காவலிடத்தின்மேற் பனிச்சுவர் சரிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் பத்தொன்பதாம் பட்டாளத்தைச் சார்ந்த பதின்மரை மூடிற்று. ஆறு நாள் கழித்து ஒருவர் உயிரோடு எடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-இல் தில்லியில் உயிர்நீத்தார். பதின்மருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஒருவர் மதுரை மாவட்டத்தினர், ஒருவர் தேனி மாவட்டத்தினர். இரண்டும் திண்டுக்கல்லுக்கு அண்டை. அத்தகைய செய்தி வருமாயின், வரவேண்டா, வருமாயின், அதனைக் கேட்கும் பெண்ணைச் சுற்றிலும் தாயும் தந்தையும் தெருவாரும் இருத்தல் வேண்டுமா, பனிவழி திறக்கும் நாளை எண்ணும் அறிமுகமில்லாத நகரம் இருத்தல் வேண்டுமா? தந்தையார் இதனை ஒருமுறை தொடங்கி, மகள் முகம் கண்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது நன்றே, தொடங்கியதும் தவறன்று.

பிரிந்துறை குடும்பத்தார்க்கெனச் சில பாளைய நகரங்களிற் படையினர் அமைத்த குடியிருப்பும் ஆராயப்பட்டது. அங்கே பள்ளியும் மருத்துவமனையும் உண்டு. தம்மைப்போற் காத்திருக்கும் பெண்டிர் துணையும் உண்டு. அது பெரிய நலமே. ஆயினும் சொந்த ஊரில் மாமியாரும் தந்தையாரும் இருக்க, அதனை நாடவேண்டிய தேவை இக்குடும்பத்தார்க்கு இல்லை. வேண்டுவார் வேறு பலர் உளர்.

மறுநாள் அம்மையார் தம் முடிவைக் கணவர்க்குக் கூறினார். இம்முறை திண்டுக்கல். இதற்கடுத்து அமைதி நிலையம் எங்கே வாய்ப்பினும், அது சில்லாங்காயினும் வேறெக்குளிராயினும், அவர் நாடோறும் வீடு திரும்பும் இடமாயின், பெட்டி கட்ட ஒரு பகல் போதும். நீலகிரி வெல்லிங்டனில் 1947 முதலாக இருந்துவரும் ரெஜிமெண்டுத் தலைமையிடத்தில் அவர்க்குப் பயிற்றாசிரியர் வேலை கிடைக்குமா என்று கேட்டுவைக்கவும் சொன்னார். அதுவும் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்துக் குளிரே. ஆயினும் மாலையில் அவர் வருவார். “அத்தை அங்கே வருவார்களா?” என்று அவில்தார் கேட்க, “அத்தையிடம் நான் கேட்டாயிற்று. கம்பளிச் சட்டை வாங்கித் தந்தால் வருகிறார்களாம்” என்றார். தமையனார்க்கு இம்முடிவு உவப்பன்று. இரண்டு கிழமை பேசாதிருந்து, பின் சிறுவனைப் பார்க்கும் சாக்கில் வந்தார்.

விடுப்பை இரண்டாகப் பகுத்துக்கொண்டனர். முதற்பகுதி பொங்கலை ஒட்டி. சாலை அடைபட்டிருக்கும் காலமாதலின் வானூர்தியை நம்பியே வருதல் வேண்டும், இரண்டொரு நாள் தவறினும் தவறலாம். மற்றொன்று அடுத்த ஆண்டு பங்குனியில், மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வின்போது. பொதிகளுக்கும் ஒரு முறை ஏற்பட்டது. திங்கட்கு ஒன்று: பருப்புப்பொடி, சுக்கு, திப்பிலி, சிறுவன் கிறுக்கிய தாள் ஒன்று. சிறுமலை வாழைப்பழம் அனுப்பவேண்டுமென்று மாமியார் அடம்பிடித்தார். வழியிலேயே கனிந்து அழுகிவிடும் என்று விளக்கி ஒருவாறு நிறுத்தினர். பொதியின்மேல் முகவரி எழுதுதல் பெண்ணின் வேலை. படைவீரர் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. எண்ணும் பெயரும் பட்டாளமும் எழுதி, ‘56 ஏ.பி.ஓ.’ என்று முடித்தலே முறை. முதற்பொதி பதினெட்டு நாளிற் சென்று சேர்ந்தது. திப்பிலியை அடுத்தமுறை இரட்டிப்பாக அனுப்புமாறு விடை வந்தது. உடனிருப்பார் பதினொருவர்க்கும் இருமலாம்.